எப்போதாவது மட்டும் நீலப் புகை தள்ளும் காருக்கு இந்த ஒர்க்‌ஷாப்: கணபதி, கோவை

சத்தி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி, லேத் பட்டறைகளுக்கு நடுவில் இருக்கிற சின்ன ஒர்க்‌ஷாப் இது. போர்டைப் பார்த்து யாரும் பெரிசாக எதிர்பார்க்க மாட்டார்கள். ஆனால் "புகை வருது, ஆனா எப்பவும் வர்றதில்லை" என்கிற தலைவலியோடு அலைகிறவர்கள் முதலில் போக வேண்டிய இடம் இதுதான் என்று தயங்காமல் சொல்வேன். பழுது பார்த்த நேர்த்தியைவிட, பழுது எது என்று கண்டுபிடித்த விதத்துக்காகத்தான் இந்த நீளமான விமர்சனம். எப்போதாவது வரும் புகையில் பணம் கரைவதே கண்டுபிடிக்கும் கட்டத்தில்தான்.

வண்டியைப் பற்றி முதலில். 2012-ல் சென்னையில் பதிவான பெட்ரோல் ஹேட்ச்பேக், பிஎஸ்-4 புகை விதிப்படி வந்தது, நாலு சிலிண்டர், பதினாறு வால்வ், 1.2 லிட்டர். ஓடியது ஒரு லட்சத்துப் பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது. பிக்கப் குறையவில்லை, மைலேஜ் குறையவில்லை, ஊருக்குள் ஓட்டும்போது சைலன்சரிலிருந்து ஒன்றும் தெரியாது. ஆனால் குன்னூரிலிருந்து இறங்கி, கல்லாறு தாண்டிச் சமதளம் வந்ததும் ஆக்சிலரேட்டரை மிதித்தால் பின்னால் குப்பென்று ஒரு நீலப் புகை, பத்துப் பதினைந்து நொடியில் காணாமல் போய்விடும். என் மச்சான் பின்னால் வேறு காரில் வந்துகொண்டிருந்ததால்தான் எனக்கே தெரிந்தது, ஓட்டுகிறவர் கண்ணாடியில் பார்ப்பதற்குள் அது கலைந்துவிடுகிறது. இதோடு ஆயிலும் குறைந்துகொண்டே வந்தது, மூவாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் போல ஊற்ற வேண்டியிருந்தது.

இங்கே வருவதற்கு முன்னால் ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் காட்டினேன், பெயர் வேண்டாம். ஸ்கேனரைப் போட்டார்கள், பழுதைக் காட்டும் எர்ரர் கோட் எதுவும் இல்லை. ஐட்லிங்கில் நிறுத்தி ரேஸ் பண்ணிப் பார்த்தார்கள், புகை இல்லை. அப்புறம் மீட்டரைப் பார்த்துவிட்டு "லட்சம் தாண்டிடுச்சு சார், ரிங் போயிருக்கும், ஹெட்டை இறக்கி ஓவர்ஹால் பண்ணிடலாம்" என்று ஐம்பத்தைந்தாயிரத்துக்கு எஸ்டிமேட் கொடுத்தார்கள். ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றி இருக்கும் வளையம், ஹெட் என்பது வால்வுகள் இருக்கும் இன்ஜினின் மேல்பகுதி. பிளக்கைக்கூடக் கழற்றிப் பார்க்காமல் ஒரு இன்ஜினைப் பிரிக்கச் சொல்வதற்கு அந்த ஓடோமீட்டர் எண் ஒன்றே போதுமாக இருந்தது அவர்களுக்கு. எனக்குக் கோபம் வந்தது, இன்றைக்கும் அந்தக் கோபம் இருக்கிறது. பணம் இருக்கிறவர் சரி என்று தலையாட்டிவிடுவார், இல்லாதவர் வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிடுவார். அந்த வண்டிக்குத் தேவைப்பட்டதோ சில நூறு ரூபாய் ரப்பர் சீல்.

இந்த ஒர்க்‌ஷாப்பில் வண்டியை நிறுத்தியதும் மெக்கானிக் அண்ணன் பானெட்டைத் திறக்கவே இல்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"புகை என்ன கலருங்க?"

"நீலம்ணா. சாம்பல் கலந்த நீலம்."

"மலை ஏறும்போது வருதுங்களா?"

"இல்லைண்ணா, ஏறும்போது இல்லவே இல்லை."

"இறங்கிட்டு இருக்கும்போதா, இறங்கி முடிச்சு மிதிக்கும்போதா?"

"மிதிக்கும்போது."

"காலைல மொதல் ஸ்டார்ட்ல?"

அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை, வண்டி வீட்டு போர்டிகோவில் சுவரைப் பார்த்து நிற்கும். "சரிங்க, சாயங்காலம் விட்டுட்டுப் போங்க, காலைல நானே மொதல் ஸ்டார்ட் பண்ணிப் பாத்துக்கறேன், யாரையும் தொட விடமாட்டேன்" என்றார். கண்டுபிடிக்கும் வேலைக்குத் தனியாக ஆயிரத்தைந்நூறு ரூபாய், அதற்குமேல் ரிப்பேர் செய்வதும் செய்யாததும் நம் விருப்பம் என்பதையும் அப்போதே சொல்லிவிட்டார். நம் ஊரில் பழுது கண்டுபிடிப்பதற்குத் தனிக் காசு கேட்டால் பலருக்குப் பிடிக்காது. எனக்கு அதுதான் முதலில் நம்பிக்கை கொடுத்தது. கண்டுபிடிக்கிற வேலைக்குக் கூலி வாங்கிவிட்ட மெக்கானிக்குக்கு, பெரிய ரிப்பேரைத் தலையில் கட்டித்தான் சம்பாதிக்க வேண்டும் என்கிற நெருக்கடி இல்லை.

அவர் ஏன் அப்படி நேரத்தையும் இடத்தையும் தோண்டித் தோண்டிக் கேட்டார் என்பதை அடுத்த நாள் விளக்கினார், அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மலை இறங்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு செகண்ட், தேர்டு கியரில் இன்ஜின் பிடியில் வருகிறோம். அப்போது காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் மூடியிருக்கிறது, சக்கரம் இன்ஜினைச் சுற்றவைக்கிறது, பிஸ்டன்கள் காற்றை இழுக்கப் பார்க்கின்றன, காற்று வர வழியில்லை. காற்று உள்ளே போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டில் வெற்றிடம் ஏறுகிறது. சாதாரண ஐட்லிங்கில் 18 முதல் 22 அங்குலம் பாதரசம் அளவில் இருப்பது, இப்படி இறங்கும்போது அதற்கும் மேலே போகும். இன்டேக் வால்வின் தண்டு மேலே ஆயில் தெறிக்கும் இடத்தில் இருக்கிறது, கீழ்முனை இந்த வெற்றிடத்தில் இருக்கிறது, நடுவில் காவல் ஒரு சின்ன ரப்பர் சீல் மட்டும்தான். அது கெட்டிப்பட்டு வாய் விரிந்துவிட்டால், மேலே இருக்கிற ஆயில் தண்டு வழியாக உறிஞ்சப்பட்டுக் கீழே இறங்கும். அந்த நேரம் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியூ பெட்ரோலையும் நிறுத்தி வைத்திருப்பதால் எரிவதற்கும் ஒன்றுமில்லை, ஆயில் அப்படியே வால்விலும் சேம்பரிலும் சேர்ந்துகொண்டே போகும். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு மீட்டர் இறக்கம், சேர்வதற்கு நிறைய நேரம் இருக்கிறது. சமதளத்தில் வந்து மிதித்ததும் சேர்ந்ததெல்லாம் ஒரே மூச்சில் எரிகிறது, நீலப் புகையாக வெளியே வருகிறது, ஆயில் தீர்ந்ததும் புகையும் நின்றுவிடுகிறது.

ரிங் தேய்ந்த வண்டியின் போக்கு பெரும்பாலும் வேறு. அதில் லோடு ஏற ஏறப் புகை கூடும், ஏற்றத்தில் மிதித்தால் விடாமல் வரும், ஹெட்டை மேலே மூடும் டேப்பட் கவரில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்ளேயிருந்து புஸ்புஸ் என்று காற்று தள்ளும். என் வண்டி ஏற்றத்தில் சுத்தமாக இருந்தது. ஆனால் இங்கேதான் அண்ணன் ஒரு எச்சரிக்கை சொன்னார், அதைக் கேட்டபோது இவர் விஷயம் தெரிந்தவர் என்று புரிந்தது. சிலிண்டர் சுவரிலிருந்து ஆயிலை வழித்துவிடும் ஆயில் கன்ட்ரோல் ரிங் கரி பிடித்து இறுகிப் போனாலும் இறக்கத்துக்கு அப்புறம் இதே மாதிரி புகை வரலாம், அதனால் நான் சொன்ன கதையை மட்டும் வைத்து வால்வ் சீல் என்று முடிவு கட்ட முடியாது, ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வர வேண்டும் என்றார்.

காலை முதல் ஸ்டார்ட்டை அவர் செல்போனில் வீடியோ எடுத்து அனுப்பியிருந்தார். சைலன்சர் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்திருந்தார், ஸ்டார்ட் ஆனதும் ஒரு சின்ன நீல மூட்டம், தாளில் பொடிப்பொடியாகப் பழுப்புப் புள்ளிகள். விரலால் தேய்த்தால் அது தண்ணீர் மாதிரி காயாமல் தாளில் ஊறிப் பரவுகிறது. ராத்திரி முழுக்க வால்வ் தண்டு வழியாகக் கசிந்து இறங்கிய ஆயில் அது. அப்புறம் இன்ஜின் சூடானதும் நல்லா நேரம் எடுத்து ஐட்லிங்கில் விட்டுவிட்டு ஒரு தடவை ரேஸ் பண்ணினார், மலை அடிவாரத்தில் மச்சான் பார்த்த அதே குப் புகை ஒர்க்‌ஷாப்பிலேயே வந்தது. சர்வீஸ் சென்டரில் வராத புகை இங்கே வந்ததற்கு மந்திரம் ஒன்றுமில்லை, அங்கே ஐட்லிங்கில் ஒரு நிமிஷம்கூட நிறுத்தவில்லை, இங்கே பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

அடுத்து மலிவான சந்தேகங்களை முதலில் தீர்த்தார். டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல்கோட்டைத் தாண்டி நிற்கிறதா என்று பார்த்தார், அதிகமாக ஊற்றிய ஆயிலை கிராங்க் அடித்து நுரையாக்கி மூச்சுக்குழாய் வழியாக உள்ளே தள்ளும், புகைக்கு அதுவே போதும். என் வண்டியில் நடுவில்தான் நின்றது. அப்புறம் பிசிவி வால்வ். இன்ஜினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்கு அனுப்புகிற சின்ன வால்வ் அது, திறந்தபடி மாட்டிக்கொண்டால் ஆயிலையும் சேர்த்து உறிஞ்சிவிடும். கழற்றி ஆட்டிப் பார்த்தார், கலகலவென்று சத்தம் வந்தது, ஒரு பக்கம் ஊதினால் போனது, மறு பக்கம் போகவில்லை. ஏர் ஹோஸிலும் ஈரம் இல்லை. இந்த இரண்டையும் பார்க்க அரை மணி நேரம்கூட ஆகாது, பல வண்டிகளில் கதை இங்கேயே முடிந்துவிடும்.

வேக்குவம் கேஜை மேனிஃபோல்டில் மாட்டியபோது ஊசி 19-ல் ஆடாமல் நின்றது. வால்வ் தண்டு ஏறி இறங்கும் குழாயான வால்வ் கைடு ரொம்பத் தேய்ந்திருந்தால் ஐட்லிங்கில் ஊசி படபடவென்று அடித்துக்கொள்ளும் என்றார். கைடு தேய்ந்திருந்தால் ஹெட்டை இறக்கி லேத்துக்கு அனுப்ப வேண்டும், செலவு வேற மாதிரி ஆகிவிடும், அதனால் அந்த ஊசி அசையாமல் நின்றது எனக்குப் பெரிய நிம்மதி.

அப்புறம் கம்ப்ரெஷன் டெஸ்ட், சிலிண்டர் எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று அளப்பது. இதை ஒழுங்காகச் செய்கிற இடம் குறைவு, அதனால் எப்படிச் செய்தார் என்று சொல்கிறேன், உங்கள் மெக்கானிக் செய்யும்போது ஒப்பிட்டுப் பாருங்கள். இன்ஜின் சூடாக இருக்க வேண்டும், நாலு பிளக்கும் கழற்றியிருக்க வேண்டும், பெட்ரோலும் இக்னிஷனும் துண்டித்திருக்க வேண்டும், ஆக்சிலரேட்டர் முழுதாக மிதித்தபடி இருக்க வேண்டும், பேட்டரி சுணங்கக் கூடாது. ஒரே ஒரு பிளக்கை மட்டும் கழற்றி, த்ராட்டிலை மூடியபடி செல்ஃப் அடித்து, "கம்ப்ரெஷன் டவுன்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், அந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. என் வண்டிக்கு வந்தது 175, 172, 168, 174 பிஎஸ்ஐ. நாலும் கிட்டத்தட்ட ஒன்று. சிலிண்டருக்குச் சிலிண்டர் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால்தான் கவலைப்பட வேண்டும் என்றார். குறைந்த எண் வந்த மூன்றாவது சிலிண்டரில் மட்டும் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளந்தார். ரிங் தேய்ந்திருந்தால் அந்த ஆயில் இடைவெளியை அடைத்து எண் சட்டென்று ஏறும், இங்கே கொஞ்சம்தான் ஏறியது. அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் கம்ப்ரெஷன் ரிங் நல்லாத்தான் இருக்கிறது.

ஆனால் அவரே சொன்ன மாதிரி, கம்ப்ரெஷன் கேஜ் ஆயில் கன்ட்ரோல் ரிங்கைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அதற்குத்தான் கேமரா. பிளக் ஓட்டை வழியாக விட்டுப் போனில் பார்க்கிற சின்ன கேமராதான், ஆன்லைனில் கிடைப்பது. அதை எப்படிப் படிக்கிறார் என்பதில்தான் அனுபவம் தெரிகிறது. நாலு பிஸ்டன் தலையிலும் ஒரே சீராகக் கரி. ரிங் பக்கமிருந்து ஆயில் ஏறி வந்தால் பிஸ்டனின் ஓரம் மட்டும் சுற்றிலும் கழுவிவிட்ட மாதிரி ஈரமாக, கரி இல்லாமல் தெரியும். அப்படி எதுவும் இல்லை. சிலிண்டர் சுவரில் தொழிற்சாலையில் போட்ட குறுக்குக் கோடுகள் இன்னும் அழியாமல் இருப்பதையும் காட்டினார், ஒரு லட்சம் ஓடிய வண்டியில் அதைப் பார்த்ததும் எனக்கே ஆச்சரியம்.

அப்புறம் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றினார், இதுதான் முடிச்சை அவிழ்த்த இடம். சிலிண்டருக்குள் காற்று போகும் வழியான போர்ட் நாலிலும் கேமராவை விட்டுக் காட்டினார். முதலாவதிலும் நாலாவதிலும் வால்வின் முதுகு காய்ந்து கிடந்தது. இரண்டாவதில் கொஞ்சம் பளபளப்பு. மூன்றாவதில் இரண்டு இன்டேக் வால்வுமே தண்டு நெடுக ஈரமாக, முதுகில் கன்னங்கரேலென்று பிசுபிசுப்பாக, வெந்த ஆயில் கட்டிகட்டியாகப் பிடித்திருந்தது. இந்த மாதிரி இன்ஜினில் இன்ஜெக்டர் வால்வின் முதுகில்தான் பெட்ரோலை அடிக்கிறது, சாதாரணமாக அந்த இடம் தானே கழுவிக்கொண்டு சுத்தமாக இருக்கும். அதையும் மீறி இவ்வளவு சேர்ந்திருக்கிறது என்றால் மேலேயிருந்து ஆயில் வந்துகொண்டே இருக்கிறது. பிசிவி வழியாக வந்த ஆயிலாக இருந்தால் மேனிஃபோல்டின் உள்பக்கம் முழுக்க நனைந்திருக்கும், நாலு போர்ட்டும் ஒன்றுபோல ஈரமாக இருக்கும். மேனிஃபோல்டுக்குள் விரலை விட்டுக் காட்டினார், தூசி மட்டும்தான். மூன்றாவது சிலிண்டர் பிளக்கிலும் ஒரு பக்கம் மட்டும், வால்வைப் பார்த்த பக்கம், வெள்ளைச் சாம்பல் படிந்திருந்தது.

"இதுக்கு மேல யோசிக்க ஒண்ணுமில்லைங்க, வால்வ் சீல்தான்" என்றார். அதுவரைக்கும் அந்த வார்த்தையை அவர் ஒரு முடிவாகச் சொல்லவே இல்லை.

வேலையையும் ஹெட்டை இறக்காமலே செய்தார். டேப்பட் கவரைத் திறந்து, டைமிங் செயினில் குறி போட்டு, கேம் ஷாஃப்ட் இரண்டையும் எடுத்துவிட்டு, பிளக் ஓட்டை வழியாக கம்ப்ரெஸர் காற்றை சிலிண்டருக்குள் ஏற்றினால் வால்வுகள் கீழே விழாமல் அந்தக் காற்றழுத்தத்தில் நிற்கும். ஸ்பிரிங்கை அமுக்கி, வால்வ் லாக்கைக் காந்தத்தால் எடுத்து, பழைய சீலைப் பிடுங்கி, புதுசை அடிக்க வேண்டியதுதான். ஆயில் இறங்கும் ஓட்டைகளையெல்லாம் முதலிலேயே துணியால் அடைத்துவிட்டார், அரிசி அளவு லாக் ஒன்று கீழே ஆயில் தேங்கும் சம்பிற்குள் விழுந்தால் ஒரு நாள் வேலை கூடும். சீலை எடுத்த இடத்தில் ஒவ்வொரு வால்வ் தண்டையும் விரலால் ஆட்டிப் பார்த்துக் கைடில் தள்ளாட்டம் இல்லை என்று எனக்கும் காட்டினார். பதினாறு சீலையும் மாற்றினோம், பழுதான நாலை மட்டும் மாற்றினால் கவர் கேஸ்கெட்டுக்கும் கூலிக்கும் மறுபடி செலவு.

பழைய சீல்களை ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார், இப்போதும் என்னிடம் இருக்கிறது. மூன்றாவது சிலிண்டர் சீலை நகத்தால் அழுத்தினால் நகம்தான் வலிக்கிறது, பிளாஸ்டிக் மாதிரி இறுகிவிட்டது, உள் உதடு ஒரு இடத்தில் பிய்ந்து பல் விழுந்த மாதிரி இருக்கிறது. புது சீல் அழுத்தினால் அமுங்கி, விட்டால் திரும்பி வருகிறது, தண்டைக் கவ்விப் பிடிக்கச் சுற்றிலும் ஒரு மெல்லிய கம்பிச்சுருள். இவ்வளவு சின்னப் பொருளுக்காக ஒரு இன்ஜினை முழுசாகப் பிரித்திருப்பார்கள் என்று நினைக்கும்போது மனசு ஆறவில்லை.

செலவு: சீல் செட், டேப்பட் கவர் கேஸ்கெட், நாலு பிளக், ஆயில், ஃபில்டர், கூலி, கண்டுபிடித்ததற்கான ஆயிரத்தைந்நூறு எல்லாம் சேர்த்துப் பதினோராயிரத்துச் சொச்சம். ஸ்பேர் வாங்கிய பில் தனியாக, கூலி தனியாக எழுதிக் கொடுத்தார். டெலிவரி எடுக்கும்போதே "சைலன்சருக்குள்ள பழைய ஆயில் இருக்குங்க, ஒரு நூறு கிலோமீட்டர் வரைக்கும் லேசா புகை வரும், பயந்துடாதீங்க" என்று சொல்லி அனுப்பினார், அப்படியே கொஞ்சம் வந்து அப்புறம் நின்றது. திரும்ப குன்னூர் போய் இறங்கினோம், மச்சான் பின்னாலேயே வந்தார், கல்லாறில் மிதித்தபோது ஒன்றும் இல்லை. அதற்கப்புறம் நாலாயிரம் கிலோமீட்டர் ஓடியும் டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் இறங்கியது தெரியவே இல்லை.

அங்கே உட்கார்ந்திருந்தபோது இன்னொருவர் வெள்ளைப் புகை என்று பதறிக்கொண்டு வந்தார். அண்ணன் கூலன்ட் டேங்கைப் பார்த்தார், மட்டம் இறங்கவில்லை. சூடானதும் புகை நின்றுவிடுகிறதா என்று கேட்டார், நின்றுவிடுகிறது என்றார் வந்தவர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது, குளிர்காலக் காலையில் அது ஆவியாகக் கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். காசு வாங்காமல் அனுப்பிவிட்டார். கூலன்ட் குறைந்துகொண்டே வந்து, சூடான பிறகும் வெள்ளையாக, இனிப்பு வாடையோடு வந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்பட வேண்டும், அதற்கும் ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கிற நீலத் திரவம் வைத்திருக்கிறார், எரிந்த வாயு கலந்திருந்தால் அது மஞ்சளாக மாறும். கரும்புகை என்றால் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது, ஏர் ஃபில்டர், சென்சார், இன்ஜெக்டர் பக்கம் பார்க்க வேண்டிய வேலை அது. டீசல், டர்போ வண்டிகளையும் எடுக்கிறார், அந்த வேலை எப்படி என்று எனக்கு அனுபவம் இல்லை.

இரண்டு விஷயத்தில் அவர் காட்டிய நேர்மையைச் சொல்லியாக வேண்டும். முதலாவது, ஆயில். வேறு பலர் எனக்குச் சொன்ன யோசனை "20டபிள்யூ-50 ஊத்துங்க, புகை நின்னுடும்" என்பது. கெட்டியான ஆயில் கொஞ்ச நாள் கசிவைக் குறைக்கும், உண்மைதான், ஆனால் என் இன்ஜினில் வால்வ் திறந்து மூடும் நேரத்தை மாற்றுவதே ஆயில் அழுத்தத்தில்தான், மெல்லிய ஆயிலுக்காக அமைத்த சின்னச் சின்ன வழிகள் அதில் இருக்கின்றன. கையேட்டில் போட்ட கிரேடைத் தவிர வேறு ஊற்ற மாட்டேன் என்று அண்ணன் கறாராகச் சொன்னார். புகையை நிறுத்தும் என்று டப்பாவில் விற்கிற மருந்து எதையும் கடையில் வைத்துக்கொள்ளவும் இல்லை.

இரண்டாவது, "எப்பவாவதுதானே வருது, அப்படியே ஓட்டலாமா?" என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில். ஓட்டலாம், வண்டி நின்றுவிடாது, ஆனால் ஆயிலில் கலந்திருக்கும் பாஸ்பரஸும் துத்தநாகமும் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய்ப் படிந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்லும், புதுசு மாற்றும் விலை சீல் வேலையைப் போலப் பல மடங்கு. ஆயில் மட்டத்தைக் கவனிக்காமல் ஒரு நீண்ட பயணம் போனால் அது வேறு ஆபத்து. பயமுறுத்தாமல், அவசரப்படுத்தாமல், உள்ளதை உள்ளபடி சொன்னார்.

புகைச் சோதனையில் தரும் பியூசி சர்டிஃபிகேட் கையில் இருக்கிறதே என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். என் வண்டி இந்தப் புகையோடு பியூசியில் பாஸ் ஆனது. பெட்ரோல் வண்டிக்கு அங்கே கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன் அளவைத்தான் எடுக்கிறார்கள், பிஎஸ்-4 காருக்கு ஐட்லிங்கில் 0.3 சதவீதம், 200 பிபிஎம் என்பது வரம்பு. புகையின் அடர்த்தியை அளப்பது டீசலுக்கு. மலை இறங்கி மிதித்தால் மட்டும் வரும் புகை அந்தச் சில நிமிஷ சோதனையில் மாட்டவே மாட்டாது. பாஸ் ஆன சீட்டைக் காட்டி இன்ஜின் நல்லா இருக்கிறது என்று பழைய கார் விற்கிறவர்களிடம் ஜாக்கிரதையாக இருங்கள், வாங்குவதற்கு முன் காலையில் ஆறிப்போன இன்ஜினை உங்கள் கண்முன்னால் ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள்.

குறைகள் இல்லாமல் இல்லை. உட்கார இடம் அந்த ஒரு ஸ்டூல்தான், வெயில் நேரத்தில் தகரக் கூரைக்குக் கீழே இருக்க முடியாது. கையில் வேலை இருக்கும்போது போன் எடுக்க மாட்டார், வாட்ஸாப்பில் கேட்டால் இரவு பத்து மணிக்கு மேல் பதில் வரும். சொன்ன தேதியில் வண்டி கிடைக்கவில்லை. கம்பெனி ஒரிஜினல் சீல்தான் போடுவேன் என்று பிடிவாதமாக இருந்தார், அது வந்து சேரத் தாமதமானது. லோக்கல் சீல் அன்றைக்கே கிடைத்திருக்கும், ஆனால் சூட்டில் சீக்கிரம் இறுகிவிடும் என்பது அவர் வாதம். வாதம் சரிதான், ஆனால் தாமதமாகும் என்று முன்னாலேயே ஒரு மெசேஜ் போட்டிருக்கலாம், அதற்காக ஒரு ஸ்டார் குறைக்கிறேன். கண்டுபிடித்த வேலைக்கு மட்டும் மதிப்பெண் என்றால் அஞ்சுக்கு அஞ்சு. கார்டு வாங்குவதில்லை, ஜிபே உண்டு.

போகிறவர்கள் சாயங்காலமே வண்டியை விட்டுவிடுங்கள், காலை முதல் ஸ்டார்ட்டை அவர் பார்க்க வேண்டும். சனிக்கிழமை கூட்டம் அதிகம். டிப்ஸ்டிக் மட்டத்தையும் கிலோமீட்டரையும் குறித்து எடுத்துப் போங்கள். புகை எப்போது வருகிறது என்பதை முடிந்தால் பின்னால் வருகிற வண்டியிலிருந்து யாரையாவது வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், ஏற்றத்திலா இறக்கத்திலா, எந்த கியரில், இன்ஜின் சூடாகவா ஆறியா என்று அவர் எப்படியும் கேட்பார்.